பாலைவன ஊர்ல போய்க் குடியிருக்கலாமா? பாம் ஸ்பிரிங்ஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

பென்னாகரம் வாத்தியார்
11 ஆகஸ்ட் 2025, காலை 6:52

அனைவருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் 31 வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வயது 67. எங்களுக்கு ஒரே மகள், பிசியோதெரபிஸ்ட். அமெரிக்கா போய் 14 வருடம் ஆகிறது. கடைசி 5 வருடமாகக் கலிபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருக்கிறாள். குடியுரிமையும் வாங்கிவிட்டாள். "ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்கப்பா" என்று ஒரு வருடமாகக் கூப்பிடுகிறாள்.

போன பிப்ரவரியில் 5 வாரம் அங்கே இருந்துவிட்டு வந்தோம். எனக்கு அந்த ஊர் மனதில் ஒட்டிக்கொண்டது. காலை 6 மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எதிரே சான் ஹசின்டோ மலை. உயரம் 10,834 அடி. ஊரோ கடல் மட்டத்திலிருந்து 500 அடிகூட இல்லை. மலை அடிவாரத்திலிருந்து ஒரே மூச்சில் எழுந்து நிற்கிறது. உச்சியில் பனி, என் காலடியில் மணல். முதல் வெயில் உச்சியில் விழுந்து, அங்கிருந்து மெதுவாகக் கீழே இறங்கி நம் முழங்காலுக்கு வரும். என் முழங்கால் வலி அந்த 5 வாரமும் பாதியாகக் குறைந்திருந்தது.

31 வருடம் கரும்பலகையில் ஒரு மலையை வரைந்து, ஒரு பக்கம் மேகத்தையும் மறுபக்கம் வறண்ட நிலத்தையும் போட்டு, "மழை மறைவுப் பகுதி" என்று எழுதியவன் நான். அங்கே பசிபிக் பக்கமிருந்து வந்த மேகம் மலை முகட்டில் நின்று, இந்தப் பக்கம் ஒரு துளிகூட இறங்காமல் கரைந்துபோவதைக் கண்ணால் பார்த்தேன். மகள் கொடுத்த காப்பி ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஊரில் கேட்கிறார்கள்: "வெயிலுக்கு பயந்து ஏற்காடு போறவங்களைப் பாத்திருக்கோம், வெயிலைத் தேடிப் போறவங்களை இப்பதான் பாக்கறோம்." பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்தது பிப்ரவரி மட்டும்தான். மற்ற மாதங்கள் எப்படி? வயதானவர்களுக்கு ஒத்துவருமா? அந்த ஊரில் வாழ்ந்தவர்கள் யாராவது இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

---

பாகலூர் ரோடு
11 ஆகஸ்ட் 2025, காலை 10:15

வணக்கம் சார். நான் ஓசூர்க்காரன், இப்ப இர்வைன்ல வேலை. அங்கிருந்து காரில் ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாம் ஸ்பிரிங்ஸ் போயிடலாம். நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள நாலஞ்சு தடவையாவது போயிடுவோம்.

ஊருக்குள்ள நுழையற இடமே தனி. சான் கோர்கோனியோ கணவாய்னு ஒரு இடைவெளி, ரெண்டு பக்கமும் பெரிய மலை. ஆரல்வாய்மொழி மாதிரியே காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும், வழி நெடுக காத்தாலை. அதைத் தாண்டினதும் காத்து அடங்கி, வானம் பெரிசாகி, வெளிச்சமே வேற மாதிரி ஆயிடும்.

மலை மேல போற கேபிள் கார், அங்க டிராம்னு சொல்வாங்க, அதுல ஏறினீங்களா? 1963ல கட்டினது. 2,643 அடியில ஏறி 10 நிமிஷத்துல 8,516 அடியில இறங்கலாம். பெட்டி மெதுவா சுத்திக்கிட்டே போகும், அதனால எல்லாருக்கும் எல்லாப் பக்கமும் தெரியும். கீழே அரைக்கை சட்டை, மேலே பைன் மரமும் பனியும். எங்க பாப்பா முதல் தடவை பனியைத் தொட்டது அங்கதான்.

வீடுகளையும் சொல்லணும். தட்டையான தாழ்ந்த கூரை, தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி, வெயில் உள்ள விழாதபடி நீட்டி விட்ட தாழ்வாரம். ரிச்சர்ட் நியூட்ரா 1946ல கட்டி முடிச்ச காஃப்மன் வீட்டைப் பாக்கவே வெளிநாட்டுல இருந்து வர்றாங்க. மலையை வீட்டுக்குள்ள கொண்டு வர்ற மாதிரி கட்டியிருக்காங்க. எனக்கு அந்த ஊரோட ஈர்ப்பே இதுதான்னு தோணும்: பாலைவனத்தை மறைக்காம, அதைப் பார்த்தபடியே உக்கார இடம் பண்ணிக் கொடுத்திருக்காங்க.

வாழ்ந்த அனுபவம் எனக்கு இல்ல. வாழ்ந்தவங்க சொல்லட்டும்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு
11 ஆகஸ்ட் 2025, இரவு 8:40

ஐயா, அந்த ஊர்ல வருஷத்துக்கு எவ்வளவு மழை? எம் பேரன் பார்த்துச் சொல்றான், 5 அங்குலத்துக்குப் பக்கமாம். நம்ம ஜில்லாவுல 850 மில்லிமீட்டர் பெய்யுது, அதாவது 33 அங்குலம். அப்படி இருந்தும் எந்தோப்புல 900 அடி போர் போட்டு வெறும் புகைதான் வந்தது. 2 வருஷம் லாரி தண்ணி வாங்கி பெங்களூரா மரத்தைக் காப்பாத்தினேன்.

5 அங்குல மழையில வீட்டுக்கு வீடு நீச்சல் குளம், சுத்துப்பட்டுல 120 கோல்ஃப் மைதானம்னா அந்தத் தண்ணி யாரோடது? அதைக் கேக்காம அந்த ஊரு நல்ல ஊருன்னு என்னால ஒத்துக்க முடியல. தப்பா எடுத்துக்காதீங்க.

---

பாலக்கோடு செவிலி
12 ஆகஸ்ட் 2025, பகல் 1:05

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் அந்தப் பள்ளத்தாக்குல 6 வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்த்தேன். இப்ப அம்மாவைப் பாத்துக்க பாலக்கோடு வந்துட்டேன். நீங்க கேட்ட மத்த மாசங்களை நான் சொல்றேன்.

மே கடைசியில ஊர் காலியாக ஆரம்பிக்கும். கனடாவுல இருந்தும் வடக்கு மாநிலங்கள்ல இருந்தும் குளிருக்கு வந்து தங்கினவங்க எல்லாம் கிளம்பிடுவாங்க. எங்க தெருவுல 14 வீடு, ஜூலையில 5 வீட்டுலதான் விளக்கு எரியும். பாதி ஓட்டல் நேரத்தைக் குறைச்சிடும். ஜூலையில பகல் வெயில் சராசரியே 42 டிகிரி செல்சியஸ். 2024 ஜூலை 5ஆம் தேதி 124 ஃபாரன்ஹீட், 51 டிகிரி செல்சியஸ். அந்த ஊர் சரித்திரத்துலயே அதிகம் அதுதான். நம்ம கத்திரி வெயில்ல ராத்திரி திண்ணையில படுத்தா விடியக்காலம் கொஞ்சம் காத்து வரும். அங்க ஜூலை, ஆகஸ்ட்ல நடு ராத்திரிக்கும் செவுரு சுடும்.

குழாய்ல பச்சைத் தண்ணி திறந்தா வெந்நீர் வரும். கார் கதவைத் துணி வெச்சுத்தான் திறக்கணும். எங்க எமர்ஜென்சிக்கு ஒரு பெரியவர் வந்தார். நாயைக் கூட்டிக்கிட்டு பத்து மணிக்கு வெளிய போனவர், தடுக்கி ரோட்ல விழுந்து எழுந்திருக்க முடியல. பத்து நிமிஷம்தான். உள்ளங்கையும் முழங்காலும் அடுப்புல வெச்ச மாதிரி வெந்துபோச்சு. அன்னிக்கு அவருக்கு டிரெஸ்ஸிங் பண்ணது இன்னும் என் கண்ணுல நிக்குது. ஐயா, உங்க வயசுக்காரங்களுக்கு இதை நான் சொல்லியே ஆகணும்.

ஏசி இல்லாம உயிர் வாழ முடியாது. சின்ன வீடுதான் எங்களுது, ஒரு ஆகஸ்ட் மாச கரண்ட் பில் 480 டாலர்.

இவ்வளவும் சொல்லிட்டேன். இப்ப இன்னொண்ணும் சொல்றேன். அந்த ஊரை விட்டு வந்த நாள் நான் அழுதேன். ஏன்னா அக்டோபர் கடைசியில ஒரு நாள் காலையில கதவைத் திறப்போம், காத்து மாறியிருக்கும். அஞ்சு மாசம் பூட்டி வெச்ச ஜன்னல் எல்லாத்தையும் தெருவே ஒரே நாள்ல திறக்கும். போனவங்க திரும்பி வருவாங்க, "எப்படி இருந்தே, கோடையைத் தாங்கினியா"னு கட்டிப்பிடிப்பாங்க. எங்க பக்கத்து வீட்டுல ரெண்டு பெரியவங்க, ஆணும் ஆணுமா 40 வருஷம் குடும்பம் நடத்தினவங்க. எனக்கு டெங்கு மாதிரி ஜுரம் வந்து படுத்தப்ப நாலு நாள் சூப் வெச்சுக் கொடுத்தது அவங்கதான். அப்படிப்பட்டவங்க பயமில்லாம வாழற ஊர் அது. 2017 கடைசியில நகர மன்றத்துல இருந்த 5 பேருமே பால் புதுமையினரா இருந்தாங்க. எங்கயும் ஒட்ட முடியாதவங்களுக்கு இடம் கொடுக்கற குணம் அந்த ஊருக்கு இருக்கு.

---

மொரப்பூர் முன்னாள் கல்ஃப்
12 ஆகஸ்ட் 2025, இரவு 9:30

நான் பாம் ஸ்பிரிங்ஸ் பார்த்ததில்ல. துபாய்ல 11 வருஷம், கடற்கரை ஓட்டலுக்குத் தோட்டம் போடற கம்பெனியில வேலை. அதுவும் பாலைவனம், அதுவும் உல்லாச ஊர். அதனால எழுதறேன்.

மணல்ல புல் வளர்க்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும். அடியில சொட்டுநீர்க் குழாய், ராத்திரி 2 மணிக்கு தண்ணி விடணும், காலையில விட்டா பாதி ஆவியாப் போயிடும். ஓட்டல்ல தங்கறவங்க காலையில எழுந்து பாக்கும்போது புல்லு பச்சையா, பனி விழுந்த மாதிரி இருக்கும். அந்தப் பச்சைக்காக 40 பேர் ராத்திரி முழுக்க முழிச்சிருப்போம். கோடையில பகல் 12:30ல இருந்து 3 மணி வரைக்கும் வெளி வேலை கூடாதுன்னு அங்க சட்டம், ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும். அந்த ரெண்டரை மணி நேரம் நிழல்ல உடம்பை நீட்டிப் படுத்தது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

ஆனா ஐயா சொன்ன அந்தக் காலை வெளிச்சம் எனக்குத் தெரியும். டிசம்பர் மாசம் ஷிஃப்ட் முடிச்சு 6 மணிக்கு பஸ்ல ஏறும்போது மணல்மேடு பொன் நிறமா இருக்கும். சம்பளத்துக்குப் போன எனக்கே அது பிடிச்சுது. பாலைவனம் அழகில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த ஊர்ல யார் வீட்டுக் குளத்தை யார் சுத்தம் பண்றாங்க, அவங்க எங்க குடியிருக்காங்கன்னும் மகள்கிட்ட கேட்டுப் பாருங்க.

---

பெண்ணையாற்றுப் பொறியாளர்
13 ஆகஸ்ட் 2025, காலை 11:20

மாந்தோப்பு அண்ணனின் கேள்வி சரியான கேள்வி. பொதுப்பணித் துறையில் நீர்ப்பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொலராடோ நதியைப் பற்றிப் பல வருடமாகப் படித்து வருகிறேன்.

அந்தப் பள்ளத்தாக்கின் பெயர் கோச்செல்லா. அடியில் பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது, ஊர் குடிப்பது அதைத்தான். 20ஆம் நூற்றாண்டில் ஊறுவதைவிட அதிகமாக இறைத்தார்கள். 1995க்கும் 2010க்கும் இடையில் பள்ளத்தாக்கின் சில இடங்களில் நிலமே 2 அடி வரை இறங்கியது. அதைச் சரிக்கட்ட அவர்கள் செய்ததில்தான் நாம் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

வட கலிபோர்னியாவிலிருந்து வரும் மாநிலக் கால்வாய் நீரில் இவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கால்வாய் இவர்கள் ஊருக்கு வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து நகரங்களுக்காகக் கொலராடோ நதியிலிருந்து 242 மைல் நீளத்துக்கு வெட்டிய இன்னொரு நீர்வழியோ இவர்கள் ஊர் ஓரமாகவே போகிறது. அதனால் 1973லிருந்து கைமாற்று: "எங்கள் வடக்குத் தண்ணீரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கொலராடோ தண்ணீரை இங்கே திறந்துவிடுங்கள்." அப்படி வரும் தண்ணீரை ஒயிட்வாட்டர் என்ற இடத்தில் பெரிய பெரிய மணல் குட்டைகளில் நிறுத்தி நிலத்துக்குள் இறக்குகிறார்கள். நம் ஊர்க் கசிவு நீர்க் குட்டை செய்யும் அதே வேலை, பல நூறு மடங்கு பெரிய அளவில். கோல்ஃப் மைதானங்களில் பலவற்றுக்கு இப்போது கால்வாய் நீரும் சுத்திகரித்த கழிவுநீரும் போகின்றன. நிலம் இறங்குவது பெரும்பாலும் நின்றிருக்கிறது.

ஆகவே தண்ணீர் யாருடையது என்றால், நூற்றுக்கணக்கான மைல் தள்ளி ஓடும் நதியுடையது. அந்த நதி இன்று நலமாக இல்லை. 1922ல் ஏழு மாநிலங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், நதியில் உண்மையில் ஓடுவதைவிட அதிகமாகப் பங்கு பிரித்தது. காவிரி விஷயம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 ஜூலையில் அந்த நதியின் பெரிய அணைத் தேக்கமான மீட் ஏரி 1,040 அடி மட்டத்துக்கு இறங்கியது. 1937ல் முதன்முதலாக நிரம்பிக்கொண்டிருந்த காலத்துக்குப் பின் அவ்வளவு இறங்கியதில்லை.

மொரப்பூர் தம்பி கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கின் கிழக்குக் கோடியில் தெர்மல் என்ற பகுதி. திராட்சையும் பேரீச்சையும் பறிக்கும் பண்ணைத் தொழிலாளர்கள் அங்கே நடமாடும் வீடுகளில் குடியிருக்கிறார்கள். அந்தக் குடியிருப்புகள் சிலவற்றின் கிணற்று நீரில் ஆர்செனிக் அளவுக்கு மேல் இருந்து, மத்திய சுற்றுச்சூழல் துறை 2019ல் தலையிட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது. பாட்டில் தண்ணீரில் சமைத்தார்கள். மேற்கே நீச்சல் குளம், அரை மணி நேரப் பயணத்தில் கிழக்கே நஞ்சு கலந்த கிணறு. புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறுத்து, எலும்பு வளைந்த பிள்ளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் நம் ஊர்களில் நல்ல தண்ணீர் குடித்தோம். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்காக வாத்தியார் அங்கே போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். அந்த ஊரில் இருக்கும்போது ஒரு நாள் கிழக்குப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

---

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு
13 ஆகஸ்ட் 2025, மாலை 5:10

இப்ப புரியுதுங்க ஐயா. தண்ணிய மண்ணுக்குள்ள திருப்பி விடறாங்கங்கிற வரைக்கும் எனக்கு சந்தோஷம். நம்ம பக்கம் ஏரிக் கால்வாய் தூர்ந்து கிடக்குது.

---

அரூர் ஈச்சை
14 ஆகஸ்ட் 2025, காலை 7:25

தோட்டக்கலை படிச்சவன் நான், அதனால பேரீச்சையைப் பத்தி மட்டும் சொல்றேன். வாத்தியார் பார்த்த மரங்கள் ரெண்டு வகையா இருந்திருக்கும். ஒண்ணு அந்த மண்ணுலயே பிறந்தது. மலை இடுக்குல ஊற்று கசியற இடங்கள்ல தானா வளரும், நம்ம பனை மாதிரி விசிறி ஓலை. காஞ்ச ஓலையை யாரும் வெட்ட மாட்டாங்க, மரத்தைச் சுத்திப் பாவாடை மாதிரி தொங்கும். நம்ம பக்கம் காவோலை கழிக்காத பனையைப் பாருங்க, அதேதான். இன்னொண்ணு பேரீச்சை. அது 100 வருஷத்துக்கு முன்னால அல்ஜீரியா, ஈராக்ல இருந்து பக்கக்கன்று கொண்டுவந்து வெச்சது.

மெஜூல் பேரீச்சையோட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1927ல மொராக்கோவுல மரத்துக்கு நோய் பரவிக்கிட்டிருந்த நேரம். அங்கிருந்து அமெரிக்க அரசு விஞ்ஞானி ஒருத்தர் 11 பக்கக்கன்று எடுத்துட்டு வந்தார். நோய் ஒட்டியிருக்குமோன்னு நெவாடாவுல தனியா வெச்சு வளர்த்தாங்க. 9 பிழைச்சுது. இன்னிக்கு அமெரிக்காவுல இருக்கற மெஜூல் தோப்பு எல்லாம் அந்த 9 கன்னோட வம்சம்.

நம்ம தர்மபுரி அரியாகுளத்துலயே பேரீச்சைத் தோட்டம் இருக்கு. பர்ஹி வகை, ஜூன் ஜூலையில மஞ்சளா கொத்துக் கொத்தா வரும், பழமாகறதுக்கு முன்னாலயே கடிச்சுத் தின்னலாம். ஐயா, அதே பள்ளத்தாக்குல இண்டியோங்கற ஊர்ல தோப்புக்குள்ள போய்ப் பாருங்க. ஆம்பளைங்க ஏணி போட்டு ஏறி கையால மகரந்தம் தடவறதும், குலைக்குப் பை கட்டறதும் பாக்கலாம். முழுக்க முழுக்க மனுஷன் கையால ஆகற விவசாயம்.

---

ஊத்தங்கரை வழக்கறிஞர்
14 ஆகஸ்ட் 2025, இரவு 10:02

வாத்தியார் சார், மகள் வீடு சொந்த மனையா, குத்தகை மனையா என்று கேட்டீர்களா? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

அந்த ஊரின் பழைய குடிகள் அகுவா கலியென்டே கவீயா பழங்குடி மக்கள். ஊர் நடுவில் இருக்கும் வெந்நீர் ஊற்று அவர்களுடையது. "அகுவா கலியென்டே" என்றால் ஸ்பானிய மொழியில் சூடான நீர் என்றுதான் அர்த்தம். 1870களில் அரசாங்கம் நிலத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி ஒரு சதுர மைல் கட்டங்களாகப் போட்டு, ஒற்றைப்படைக் கட்டங்களை ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. இரட்டைப்படைக் கட்டங்கள் பழங்குடிகளுக்கு வந்தன. இன்றும் அந்த ஊர் வரைபடம் அப்படித்தான். 1959க்குப் பிறகு அவர்கள் நிலத்தை 99 வருடக் குத்தகைக்கு விட முடிந்தது. அதனால் அங்கே பல வீடுகளில் கட்டடம் உங்களுடையது, அடிமனை அவர்களுடையது. நம் ஊர்க் கோயில் அடிமனையில் வீடு கட்டியிருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 14ஆம் எண் கட்டம் ஊருக்கு நட்ட நடுவில் இருக்கிறது. அங்கே கறுப்பின மக்களும் மெக்சிகோ வழி மக்களும் குடியிருந்தார்கள். ஓட்டல்களிலும் பணக்கார வீடுகளிலும் வேலை செய்தவர்கள். வேறு இடத்தில் வீடு கிடைக்காமல் அங்கே இருந்தவர்கள். 1950, 60களில் அவர்களைக் காலி செய்யவைத்து வீடுகளை இடித்துக் கொளுத்தினார்கள். நகராட்சித் தீயணைப்புத் துறையே நின்று எரித்தது. வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் வீட்டை இருந்த இடத்தில் காணாமல் நின்றிருக்கிறார்கள். 2021ல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. 2024 நவம்பரில் அந்தக் குடும்பங்களுக்கு 59 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

புறம்போக்குக் குடிசைகளை அகற்றும் வழக்குகளை 20 வருடமாக நடத்துகிறேன். அறுபது வருடம் கழித்தாவது ஒரு ஊர் தன் தவறை ஒப்புக்கொண்டு பணம் கொடுத்ததைப் படித்தபோது என் கட்சிக்காரர்கள் பலரின் முகம் நினைவுக்கு வந்தது.

---

பென்னாகரம் வாத்தியார்
15 ஆகஸ்ட் 2025, காலை 8:30

எல்லோருக்கும் நன்றி. வழக்கறிஞர் கேட்டது சரி, மகளிடம் கேட்டேன். குத்தகை மனைதான். பழங்குடி மக்களுக்கு மாதாமாதம் வாடகை போகிறதாம். அவளுக்கு அதில் குறையில்லை, "அவங்க நிலம்தானேப்பா" என்றாள்.

இந்த இழையை இரண்டு நாளாகச் சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். என் துணைவியார் தானும் எழுத வேண்டும் என்கிறார். கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தது. ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

*எல்லாருக்கும் வணக்கம். இவர் மலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த அஞ்சு வாரமும் நான் என்ன பண்ணேன்னு யாரும் கேக்கல. மகளும் மருமகனும் ஏழரைக்கு வேலைக்குப் போயிடுவாங்க. அப்புறம் சாயந்திரம் ஆறு மணி வரைக்கும் ஒரு மனுஷச் சத்தம் கிடையாது. குளிர் காலத்துல மூணு, மூணரைக்கே சூரியன் அந்த மலைக்குப் பின்னால போயிடும். வானம் வெளிச்சமா இருக்கும், எங்க வீடு நிழல்ல இருக்கும். அந்த நேரம்தான் எனக்கு நெஞ்சை அடைக்கும். இங்க அந்த நேரத்துக்குப் பூக்காரம்மா வரும், கீரைக்காரம்மா வரும், பக்கத்து வீட்டு மருமக பிள்ளையைக் கொண்டாந்து விட்டுட்டுப் போவா. அங்க கோயிலுக்குப் போகணும்னா சைனோ ஹில்ஸ், ராகி மாவு, முருங்கைக்கீரை வாங்கணும்னா ஆர்ட்டீசியா. ஞாயித்துக்கிழமை கார்ல போனாத்தான் உண்டு. ஊர் அழகுதான், நான் இல்லைன்னு சொல்லல. எம்மக சிரிச்ச முகத்தைத் தினம் பாக்கலாம், அதைவிட எனக்கு என்ன வேணும். ஆனா அழகைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாள் பேசாம இருக்கறது? இவர் வகுப்புல பாலைன்னா பிரிவுன்னு சொல்லிக் கொடுத்ததா சொல்வார். எனக்கு அங்க போனாத்தான் பிரிவு.*

---

பாலக்கோடு செவிலி
15 ஆகஸ்ட் 2025, பகல் 12:48

அம்மா, உங்க எழுத்தைப் படிச்சிட்டு டூட்டியில ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன். நான் முதல் வருஷம் பட்டதை நீங்க அப்படியே சொல்லிட்டீங்க. அந்த மலை நிழல் நேரத்துல நான் சமையக்கட்டு விளக்கைப் போட்டுட்டு ரேடியோ வெச்சுக்குவேன்.

எனக்கு உதவினதைச் சொல்றேன். அந்த ஊர் முழுக்க ஓய்வு பெற்றவங்க. அவங்களும் உங்களை மாதிரிதான், பிள்ளைங்க தூரத்துல, பகல் நீளம். நூலகத்துலயும் முதியோர் மையத்துலயும் காலை பத்து மணிக்கு ஆள் இருப்பாங்க. நீங்களா போய் உக்காந்தாப் போதும், அவங்க பேசுவாங்க. இங்கிலீஷ் குறைவா இருந்தாலும் பரவால்ல. தோட்டக்காரங்க, கடைக்காரங்க பாதிப் பேருக்கு ஸ்பானிஷ்தான், அவங்களும் கையைக் காட்டித்தான் பேசுவாங்க. வியாழக்கிழமை சாயந்திரம் பாம் கேன்யன் தெருவை அடைச்சு சந்தை போடுவாங்க. பழம், ரொட்டி, சோப்பு, பாட்டு. நம்ம வாரச் சந்தை மாதிரி கூட்டம் இருக்கும். வியாழக்கிழமையை விட்டுடாதீங்க.

அப்புறம் ஒண்ணு. அந்தப் பழங்குடி மக்கள் அந்தக் காலத்துல வருஷம் பூரா கீழேயே இருந்ததில்ல. வெயில் ஏறினா மலை மேல குளிர்ந்த இடத்துக்குப் போயிடுவாங்க, குளிர் வந்தா ஊற்றுப் பக்கம் இறங்குவாங்க. அந்த ஊரை நல்லா அறிஞ்சவங்க அப்படித்தான் வாழ்ந்தாங்க. நீங்களும் ஏன் முழுசா போறதா, முழுசா இருக்கறதான்னு யோசிக்கணும்? நவம்பர்ல போய் மார்ச்ல திரும்பி வரலாமே?

---

இழைப் பொறுப்பாளர்
15 ஆகஸ்ட் 2025, மாலை 4:15

செவிலி அக்கா சொன்னபடி போய்வருவதாக இருந்தால் ஒரு குறிப்பு. வருகையாளர் விசாவில் பொதுவாக ஒரு முறைக்கு 6 மாதம் வரை அனுமதிப்பார்கள். எந்தத் தேதி வரை என்று இறங்கும் இடத்தில் அதிகாரி முடிவு செய்வார். கிரீன் கார்டு என்றால் அங்கேயே வசிப்பவர் என்று அர்த்தம். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் சிக்கல் வரும், 6 மாதம் தாண்டினாலே கேள்வி கேட்கலாம். மருத்துவக் காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற வேண்டாம். பெற்றோருக்கான விண்ணப்பத்தை மகள் எப்போது வேண்டுமானாலும் போடலாம், அவசரமில்லை.

---

பாகலூர் ரோடு
15 ஆகஸ்ட் 2025, இரவு 11:40

அம்மா, ஆர்ட்டீசியா எங்களுக்குப் பக்கம்தான். டிசம்பர்ல நாங்க வரும்போது முருங்கைக்கீரையும் ராகி மாவும் நான் கொண்டுவரேன். பாப்பாவுக்குப் பாட்டி கதை சொல்ல அங்க ஆள் இல்ல, நீங்க ஒரு நாள் சொல்லுங்க.

---

பென்னாகரம் வாத்தியார்
17 ஆகஸ்ட் 2025, காலை 7:05

பேசி முடிவு செய்துவிட்டோம். நவம்பர் முதல் வாரம் கிளம்புகிறோம், மார்ச் கடைசியில் திரும்புகிறோம். வீட்டை விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை. பக்கத்து வீட்டு மருமகளிடம் சாவி இருக்கும். மாந்தோப்பு அண்ணன் தோட்டத்துப் பழம் இறங்கும்போது நாங்கள் ஊரில் இருப்போம்.

---

பென்னாகரம் வாத்தியார்
6 டிசம்பர் 2025, காலை 9:10 (பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து)

வந்து ஒரு மாதம் ஆகிறது. செவிலி அம்மா சொன்ன ஜன்னல் திறக்கும் நாளுக்கு நாங்கள் ஒரு வாரம் பிந்தி வந்தோம். தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தே இருந்தன.

பொறியாளர் ஐயா சொன்னபடி போன ஞாயிறு மகளோடு கிழக்குப் பக்கம் போனோம். தோப்புகளைத் தாண்டிய பிறகு சாலை குறுகுகிறது, மரம் குறைகிறது. தெர்மலில் ஒரு மளிகைக் கடை வாசலில் தண்ணீர் விற்கும் இயந்திரத்தின் முன்னால் கேனோடு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன். 2013க்கு முன் நம் தெருவில் குடத்தோடு நின்ற வரிசை ஞாபகம் வந்தது. அங்கிருந்து சால்டன் கடல் வரை போனோம். 1905ல் கொலராடோ நதி கால்வாயை உடைத்துக்கொண்டு ஓடி நிரப்பிய ஏரி அது. இப்போது கடல் நீரைவிட உப்பு. கரையில் நடந்தால் மணல் போலத் தெரிவது நொறுங்கிய மீன் எலும்பு. 31 வருடத்தில் ஒரு நாள்கூட அந்த ஏரியைப் பற்றி நான் வகுப்பில் சொல்லவில்லை. திரும்பும் வழியில் மகள் எதுவும் பேசவில்லை. இங்கே 5 வருடம் இருந்தும் அவளும் அன்றுதான் முதல் முறையாக அங்கே போனாள். இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு இலவச மருத்துவ முகாமில் முதுகு வலிக்காரர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கப் பெயர் கொடுத்திருக்கிறாள்.

துணைவியார் வியாழக்கிழமைச் சந்தைக்குத் தவறாமல் போகிறார். அங்கே பேரீச்சை விற்கும் ஒரு மெக்சிகோ அம்மாவோடு பழக்கம். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. போன வாரம் அந்த அம்மா ஒரு பை மெஜூல் கொடுத்து காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த வியாழன் எங்கள் வீட்டிலிருந்து அதிரசம் போகிறது. அதற்கு வெல்லம் காய்ச்சிக்கொண்டிருக்கிறார், மணி மூன்றே கால், மலை நிழல் இப்போதுதான் எங்கள் வாசலைத் தொட்டது. பதிவை எழுத ஆரம்பித்தது காலையில், பாகு பதத்துக்குக் கூப்பிட்டதால் இடையில் எழுந்து போக வேண்டியதாயிற்று.

அரூர் தம்பிக்கு: இண்டியோ தோப்பில் குலைக்குப் பை கட்டுவதைப் பார்க்க முடியவில்லை, அறுவடை முடிந்துவிட்டது. பிப்ரவரி, மார்ச்சில் மகரந்தம் தடவும்போது வரச் சொன்னார்கள். அதுவரை இங்கேதான் இருப்போம், படம் எடுத்து அனுப்புகிறேன்.